பிள்ளைக் காம்பராவில் எழுதிய இடிக் கணக்கு

அக்டோபர் 13, திங்கள்

காலை பனிமூட்டம். நேற்றைய மழை, வாசலில் வைத்த போத்தல் அளவில் 31 மி.மீ. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இன்று நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஒன்பது, இரண்டுக்குச் சளி. இடுப்பு வலி விடவில்லை.

மதியத்துக்குமேல் தலவாக்கலைப் பக்கம் மேகம் கோபுரமாக எழும்பியது. 1.25க்கு மின்னல். இடிக்கு 30 செக். அடுத்தது 24. மூன்றால் வகுத்தால் எட்டு கி.மீ.

மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு வழக்கமான மெசேஜ்: "பிள்ளை அழுவுது, வாங்க." இடி வருகிறது என்று அர்த்தம். மழைக்குப் பயந்து இறங்கினால் அரைப் பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். பால் கொடுக்க இறங்கினால் கங்காணி ஒன்றும் சொல்வதில்லை. மற்றவர்கள் இவர்கள் இறங்குவதைப் பார்த்து மரத்தடியை விட்டுத் தள்ளிப் போவார்கள். மூன்று வருஷமாக எங்களுக்குள் இப்படித்தான்.

ஆறு பேர் இறங்கினார்கள். மேகம் வலப்பனைப் பக்கம் போய்விட்டது. ஒரு துளி இல்லை. லெட்சுமி தன் ஏழு மாதப் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "என்னக்கா, ஒங்க இடிக்கு இன்னைக்கு லீவா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்.

அக்டோபர் 14, செவ்வாய்

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். நேற்று கொழுந்து நிறை குறைவாம். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"ஆறு பிள்ளையும் ஒரே நேரத்துல எப்படிங்க அழுவும்?"

தொட்டிலை ஆட்டினேன்.

"தீவாளி நேரம். இன்னொரு தடவ இப்படி நடந்தா ஒங்கள இங்க வச்சிருக்க முடியாது."

சரிங்க ஐயா என்றேன். வேறென்ன சொல்ல.

இன்று மழை 12 மி.மீ. இடி இல்லை.

வாங்க வேண்டியது: டெட்டோல், பால்மா, போனுக்கு டேட்டா.

சாயந்தரம் அமெரிக்கா வீடியோ ஒன்று. சுழற்காற்றைக் காரில் துரத்திக்கொண்டு போகிறார்கள், சந்தோஷமாகக் கத்திக்கொண்டு. இங்கே யாரும் துரத்த வேண்டாம், அதுவே நம் லயத்து வீடுகளுக்கு வரும். பாதியில் தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வெயில். போத்தலில் ஒன்றுமில்லை. வேலை முடிந்து கொட்டகலைக்குப் பஸ்ஸில் போனேன். சீட் கிடைக்கவில்லை. டெட்டோல் மறந்துவிட்டேன். எல்லாவற்றிலும் அலுப்பு.

அக்டோபர் 16, வியாழன்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. புழுக்கம். நல்லதில்லை.

1.10 தலவாக்கலைப் பக்கம் மேகம். அடி கறுப்பு.
1.32 30 செக்.
1.41 21.
1.48 12. நேராக நம் மலைக்கு.

போனைக் கையில் எடுத்தேன். மெசேஜ் அடித்தும்விட்டேன். ஐயா வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. இதுவும் வலப்பனைக்குப் போய்விடும் என்று நினைத்தேன். பொய். அப்படி நினைக்கவில்லை. மறுபடி சிரிப்பு வாங்கவும் பேச்சு வாங்கவும் தெம்பில்லை, அவ்வளவுதான். அழித்துவிட்டுப் போனை அலமாரியில் வைத்தேன்.

1.55 எண்ண நேரமில்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒன்பது பிள்ளைகளும் அழுதார்கள்.

2.20 லெட்சுமியோடு கொழுந்தெடுக்கும் விஜயா நனைந்தபடி ஓடி வந்தாள். "லெட்சுமிய இடி அடிச்சிருச்சுக்கா. மரத்தடியில நின்னுச்சு. மூச்சு இருக்கு. லொறியில ஏத்தியாச்சு."

அக்டோபர் 17, வெள்ளி

எத்தனை மி.மீ. என்று பார்க்கவில்லை.

லெட்சுமி பையன் போத்தல் பால் குடிக்க மாட்டேன் என்கிறான். கரண்டியால் ஊட்டினால் துப்புகிறான். நாள் முழுக்க இடுப்பில்தான். நிலவரம் கேட்டு ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை போன் எடுத்தேன். நாளை பார்க்கலாமாம்.

அக்டோபர் 18, சனி

ஆஸ்பத்திரி. பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். லெட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். கால் மரத்தே கிடக்கிறது. அது சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். வலது காது கேட்கவில்லை. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பையனை மடியில் வைத்ததும் குடிக்க ஆரம்பித்துவிட்டான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"நல்லா கறுத்துக்கிட்டுத்தான் வந்துச்சுக்கா. எல்லாரும் போனத்தான் பார்த்தோம். ஒங்ககிட்டருந்து ஒன்னும் வரல. அப்ப பயமில்லன்னு நின்னுட்டேன்."

என் கையைப் பிடித்தாள்.

"பாவம், ஒங்களுக்கே தெரியாம வந்திருச்சு."

ஆமாம் என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இடது காதுப் பக்கம் குனிந்து இன்னொரு தடவை சொன்னேன்.