குடும்பப் பெயர்: சவரிமுத்து

நாள் 3911 | 17:50

காற்றழுத்தம் சரி. தண்ணீர் மறுசுழற்சி 94 சதவீதம். மூன்றாம் எண் வடிகட்டி வழக்கம்போல மக்கர் செய்தது. இரண்டு தட்டு தட்டினேன், ஓடுகிறது.

இந்தக் குறிப்பு தரைக்கு நாற்பது மீட்டர் கீழே இருக்கும் பெட்டியில் தானாகப் பதிவாகும். எடுத்துப் படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் வணக்கம். நான் சவரிமுத்து, செவ்வாய் நிலையத்தின் பராமரிப்புப் பொறியாளர். சொந்த ஊர் தூத்துக்குடி. கூட இருந்த ஐந்து பேரும் போன கப்பலில் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த கப்பல் ஏழு பேரோடு வந்துகொண்டிருக்கிறது. அதுவரை காவல்காரன், சமையல்காரன், கக்கூஸ் கழுவுகிறவன் எல்லாம் நான்தான்.

தரைக்கட்டுப்பாட்டின் வாராந்தரச் செய்தி வந்தது. கடைசி வரி: புதிய வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, பெயர் சவரிமுத்து. எவனோ கொழுப்பெடுத்தவன் என்னைக் கேலி செய்கிறான்.

நாள் 3912 | 09:15

கேலி இல்லை. தரைக்கட்டுப்பாட்டில் என்னோடு பேசும் தம்பி குமரகுரு பதில் அனுப்பியிருக்கிறான்.

"சார், நெசமாவே உங்க பேருதான். கண்டுபிடிச்சவங்க பேரு பிரிஸ்கா சவரிமுத்து, தூத்துக்குடி. காலேஜ் மொட்டை மாடில நின்னு, பொழுது அடைஞ்சதும் உப்பளத்துக்கு மேல பாத்திருக்காங்க. சின்ன டெலஸ்கோப்தானாம். உங்களுக்கு ஏதும் சொந்தமா சார்?"

சொந்தமாவா? நான் பெற்ற மகள். அந்த டெலஸ்கோப்பும் நான் வாங்கிக் கொடுத்ததுதான்.

வால்நட்சத்திரத்துக்குக் கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயரை வைப்பார்கள். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? படிவத்தில் கேட்டால் அப்பன் பெயரை எழுதித் தொலைப்போம். அப்படித்தான் அவள் கண்டுபிடித்ததற்கு என் பெயர் வந்திருக்கிறது. என்னோடு பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆன பிள்ளை அவள்.

நாள் 3920 | 18:05

அவளிடமிருந்து கடிதம். எழுத்தில்தான், குரல் இல்லை.

"செவ்வாய் நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு. வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பின்பக்கம் செல்வதால் இனி எழுபது நாள்கள் பூமியிலிருந்து தெரியாது. தங்கள் இடத்தில் மாலை வானில் தெரியும். தினமும் படம் எடுத்து அனுப்பினால் பாதையைக் கணிக்க உதவும். இப்படிக்கு, பிரிஸ்கா."

பொறுப்பாளர் அவர்களாம். தங்களாம்.

அவள் கோபம் நியாயம்தான். இரண்டரை வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கப்பல் வரும்போதெல்லாம் நீட்டிப்புக் கேட்டார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். இங்கே என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. மூன்றாவது நீட்டிப்பு போட்டு, கப்பல் கிளம்பிய இரண்டாம் மாதம் என் மனைவி மெற்றில்டா இறந்துபோனாள். அடக்கத்தை நான் திரையில்தான் பார்த்தேன், அதுவும் அலை இங்கே வந்து சேர எடுக்கும் இருபத்திரண்டு நிமிடம் கழித்து.

நாள் 3928 | 18:40

இங்கே சூரியன் அடையும்போது வானம் நீலமாகும். அந்த நீலத்தில், மேற்குக் குன்றுக்கு நாலு விரல் மேலே பார்த்துவிட்டேன். சின்ன வெள்ளைப் புள்ளி, அதிலிருந்து மேல்நோக்கிச் சிதறிய மாவு மாதிரி வால். கை தானாகச் சிலுவை போடப் போய், கையுறை தலைக்கவசக் கண்ணாடியில் டங்கென்று இடித்தது. பதினோரு வருடம் இருந்தும் புத்தி வரவில்லை.

வானத்தோடு கூடவே நிலையத்து டெலஸ்கோப்பைத் திருப்ப வேண்டிய மோட்டாரில் தூசி புகுந்து நின்றுவிட்டது. அப்படியே பன்னிரண்டு படம் எடுத்து அனுப்பினேன். பதில் குரலாகவே வந்தது.

"படம் கிடைச்சிட்டு. நட்சத்திரமெல்லாம் கோடு கோடா இழுபட்டுக் கெடக்கு. இத வச்சு ஒண்ணும் அளக்க முடியாது. மோட்டார் ஓடலன்னா கையால திருப்புங்க. கை ஆடாம."

நான்கு வருடத்தில் கிடைத்த முதல் ஏச்சு. மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அம்மாவின் குரல் அப்படியே வந்திருக்கிறது இவளுக்கு.

நாள் 3940 | 18:30

கையால் திருப்பப் பழகிவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபது எண்ணும்வரை. கோடுகள் குறைந்திருக்கின்றன. இன்னும் ஆடுகிறது என்கிறாள்.

துணிந்து கேட்டுவிட்டேன், எதற்கம்மா என் பெயரைப் போட்டாய் என்று.

"சர்நேம் எடத்தக் காலியா விட்டா ஃபார்ம் நகராது. அதான் போட்டேன். பாசத்துல போட்டேன்னு நெனச்சுக்கிடாதீய."

நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன்.

நாள் 3951 | 19:00

பிரிஸ்கா இப்போது தரைக்கட்டுப்பாட்டுக்கே வந்து கணக்குப் போடுகிறாள். பாதை தெளிவாகிவிட்டது. வால்நட்சத்திரம் செவ்வாயை இரண்டு லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கடக்கும். பயமில்லை. கப்பல் குறித்த நாளில் வரும். அதில் நான் ஊருக்குப் போவேன். இந்தத் தடவை நீட்டிப்புத் தாளை நீட்டினால் கிழித்து அவர்கள் வாயில் திணிப்பேன் என்று அவளுக்குச் சொன்னேன். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு அவளாகவே சொன்னாள்.

"அம்மா கடைசி மூணு நாளும் பொழுது சாஞ்சா மாடிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா. அப்பா இருக்க செவ்வாய் எதுட்டின்னு கேட்டா. அப்ப செவ்வாய் சூரியனுக்குப் பின்னால நின்னுச்சு, தெரியாது. நான் வேற ஏதோ ஒரு நட்சத்திரத்தக் காட்டி, அதுதாம்மான்னு சொல்லிட்டேன். அவ அதப் பாத்துக் கையாட்டினா."

வடிகட்டி சரி. தண்ணீர் சரி.

நாள் 3966 | 18:45

படத்தில் வால்நட்சத்திரத்துக்கு இரண்டு தலை.

கை ஆடிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி எடுத்தேன். பக்கத்து நட்சத்திரங்கள் ஒற்றையாகத்தான் இருக்கின்றன. அது மட்டும் இரண்டு. சூரியச் சூட்டில் உடைந்திருக்கிறது. வழக்கம்போலப் படங்களை அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 3967 | 18:50

பெரிய துண்டு பழைய பாதையில் போகிறது. சின்னது விலகி வருகிறது. கணக்கில் நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் பென்சிலை வைத்துக் கோடு இழுக்கத் தெரியும். ஐந்து தடவை இழுத்தேன். ஐந்து தடவையும் கோடு இங்கேதான் வந்து நிற்கிறது.

இன்றைய படத்தை அனுப்பாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அனுப்பினால் கணக்குப் போடப்போவது அவள். அம்மாவை ஒற்றையாக நின்று அனுப்பிவைத்த பிள்ளை, அப்பன் சாகிற நாளைத் தன் கையால் கணக்கிட வேண்டுமா? அடப்பாவி சவரிமுத்து, அதற்கா அவளைப் பெற்றாய்?

ஆனால் கப்பலில் ஏழு பேர் இருக்கிறார்கள். தெரியாமல் நேராக இந்தக் கல்மழைக்குள் வந்துவிடுவார்கள். குமரகுருவுக்கு மட்டும் அனுப்பினேன். "தம்பி, இத பிரிஸ்காட்ட காட்டாதீங்க. வேற யாராவது கணக்குப் போடட்டும். கையெடுத்துக் கும்பிடுதேன்."

நாள் 3968 | 08:20

"சார்... முந்தாநேத்து வந்த படத்துலயே அவங்க ரெண்டு தலையப் பாத்துட்டாங்க. ராத்திரியே கணக்கையும் முடிச்சிட்டாங்க. தாளக் குடுத்துட்டு, தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு வெளிய போனவங்க மாடிப்படில உக்காந்திருக்காங்க. நாங்க யாரும் கிட்ட போகல சார்."

அவள் கணக்கு: நாள் 3975, மாலை 18:52. நிலையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். கல்லின் அகலம் முந்நூறு மீட்டர்.

நாள் 3970 | 12:00

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று கேட்டார்கள். ஒரு சார்ஜுக்கு நாற்பது கிலோமீட்டர் போகும். உள்ளே இரண்டு நாளுக்குத்தான் காற்று. இந்தக் கல்லுக்கு அது பக்கத்துத் தெரு. வேண்டாம் என்றேன்.

வேலை ஒன்று இருக்கிறது. கப்பல் இறங்காது. செவ்வாயைச் சுற்றி வளைந்து ஊருக்குத் திரும்பப் போகிறது. உடைந்த தூள் எந்தப் பக்கம் பரவுகிறதென்று தெரிந்தால்தான் எந்தப் பக்கமாக வளைவதென்று முடிவெடுக்க முடியும். அதைச் சொல்லப்போவது கடைசி நாள் படங்கள். அதற்கு ஆடாத கை வேண்டும்.

பிரிஸ்காவிடமிருந்து இரண்டு நாளாகச் செய்தி இல்லை.

நாள் 3974 | 19:10

இன்னும் இல்லை. சூரியனை ஒட்டி அலை வருவதால் இரைச்சல் அதிகம் என்கிறான் குமரகுரு. பொய் சொல்லத் தெரியாத பையன்.

சோற்றுப் பொட்டலம் கடைசியாக ஒன்று வைத்திருந்தேன், கப்பல் வந்ததும் சாப்பிட. பிரித்துச் சாப்பிட்டேன். உப்பு இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் படிக்கிறவருக்கு மட்டும் சொல்கிறேன்.

நாள் 3975 | 17:35

எல்லாம் சரிபார்த்தேன். மூன்றாம் எண் வடிகட்டி இன்று தட்டாமலே ஓடுகிறது. இத்தனை வருடம் உயிரை வாங்கிவிட்டு இன்றைக்கு நல்ல பிள்ளை வேஷம்.

அவளுக்கு அனுப்பினேன்: "ஏட்டி பிரிஸ்கா, நீ சரியாத்தான் கணக்குப் போட்டிருக்க. நீ கண்டுபிடிச்சதால அது வரல. நீ பாக்காட்டியும் வந்திருக்கும். நீ பாத்ததால ஏழு பேரு வீட்டுக்குப் போறாங்க. அத மறந்துராத. ஒரு வார்த்த பேசும்மா."

நாள் 3975 | 18:21

வெளியே. வானம் நீலம். இரண்டாவது தலைக்கு இப்போது வால் தெரியவில்லை. நேரே வருவதால் வட்டமாக இருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, சனியன்.

பதினாறு படம் அனுப்பிவிட்டேன். தூள் வடக்கே பரவுகிறது. கப்பல் தெற்கே வளையட்டும்.

நாள் 3975 | 18:33

வந்துவிட்டது. இரைச்சலுக்கு நடுவே.

"அப்பா... அந்த ஃபார்ம்ல ஒரு புள்ளி வச்சாப் போதும், நகந்துரும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. எனக்குத் தெரியும். நானும் மொதல்ல புள்ளிதான் வச்சேன். பெறவு அத அழிச்சிட்டு ஒங்க பேர எழுதினேன். நீங்க அங்கேருந்து அண்ணாந்து பாத்தா, உங்கள யாரோ நெனச்சிருக்கான்னு தெரியட்டும்னு. அது ஒங்க மேலயே... அப்பா, நான் வேற பேரு வச்சிருக்கலாம்ப்பா..."

அதற்கு மேல் இரைச்சல்.

நாள் 3975 | 18:37

குறிப்பேடு எழுத இனிக் கை வராது. வெளியே நிற்கிறேன். ஒலிபரப்பைத் திறந்துவிட்டேன். பேசுவது அவளுக்கும் போகும், இந்தப் பெட்டியிலும் எழுத்தாகப் பதிவாகும்.

"ஏட்டி, அழாத. நல்ல பேருதான். எங்க அப்பன் வச்ச பேரு. ஒலகமே படிக்கப் போவுது.

"நான் சொல்லுதத கவனமா கேளு. இங்க 18:52க்கு முடிஞ்சிரும். ஆனா என் சத்தம் ஒன்ட்ட வந்து சேர இருவத்திரண்டு நிமிசம் ஆவும். அப்ப ஒனக்கு நான் 19:14 வரைக்கும் இருப்பேன். பாத்தியா, ஒங்கப்பன் திருந்தல. இன்னொரு நீட்டிப்பு வாங்கிட்டேன். இது ஒனக்காக வாங்கினது. மத்த மூணுக்கும் என்ன மன்னிச்சிரு.

"மாடிக்குப் போ. செவ்வாய் இன்னிக்கும் தெரியாது, சூரியனுக்குப் பின்னாலதான் இருக்கு. அம்மாவுக்கு எந்த நட்சத்திரத்தக் காட்டினியோ, அதையே பாரு. அவ அங்க கையாட்டினா, எனக்கு வந்து சேந்துச்சுன்னு வச்சுக்கோ.

"வெளிச்சமா வருது. நெழல் ரெண்டா விழுது. பயமில்லட்டி. கொஞ்சம் இருக்கு, பரவால்ல.

"கடைசியா ஒரு படம் எடுத்தேன், இப்பதான் போவுது. பெருசாக்கிப் பாரு. ஓரத்துல இருக்க சின்ன நட்சத்திரத்தப் பாரு. கோடே இல்ல. எல்லாம் புள்ளி புள்ளியா நிக்கி. கை ஆடலட்டி. பாரு, கை ஆட