சிந்திய அரிசி

சேலம்,
ஏப்ரல் 24.

மரியே வாழ்க!

அன்புள்ள அந்தோணிமேரிக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும், மகள் ஜெர்லினும், மாப்பிள்ளையும், என்னை இன்னும் போன் திரையில் மட்டுமே பார்த்திருக்கிற பேரனும் நலமாக இருப்பீர்கள். நேற்றுத்தானே பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் ஒரு வார்த்தை ஆரம்பிப்பதற்குள் நீ பத்து வார்த்தை பேசிவிடுகிறாய். இதில் எழுதப்போவதை நீ குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்க வேண்டும், அதனால்தான் கடிதம். லாரி ஓட்டிய காலத்தில் நாக்பூரிலிருந்தும் கான்பூரிலிருந்தும் உனக்குக் கார்டு போட்டவன்தானே நான். கை இன்னும் மறக்கவில்லை.

சேவியர்ராஜின் மகன் டோனிக்கு நீ இருக்கிற மஸ்கட்டிலேயே ஒரு குடோனில் வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை வந்து சேருவான். அவன் கையில்தான் இந்தக் கடிதமும் பார்சலும் வருகின்றன. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் தனித்தனிப் பொட்டலம். ஜவ்வரிசி வடாம் இரண்டு பாக்கெட். தட்டுவடை உடையாமல் வந்தால் உன் அதிர்ஷ்டம். பிள்ளைக்குத் துணிக்காக என் வேட்டி இரண்டைத் துவைத்துக் கிழித்து வைத்திருக்கிறேன். பதறாதே, பழைய வேட்டிதான்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. தண்ணீர் இப்போது ஐந்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. கேஸை அணைத்தேனா என்று தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்க்கிற உன் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது. ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். மிக்ஸியின் மூடி உடைந்தது, யார் உடைத்தார்கள் என்று கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பிடி அரிசி விஷயம்தான்.

நம் பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் கூடுகிற நம் அன்பியத்தில் முப்பத்தெட்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புப் பக்கத்தில் ஒரு டப்பா. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அதில் விழும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நீ வீடு வீடாகப் போய் வாங்கி வந்து, இல்லாத ஆறு வீட்டுக்குப் பங்கிடுவாய். பதினெட்டு வருஷமாக நீ இதைச் செய்கிறாய், நான் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. அரிசிக்காரி கிளம்பிவிட்டாள் என்று கேலி பேசிக்கொண்டு டீக்கடைக்குப் போனவன் நான்.

ஜனவரிக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். நம் அன்பியத் தலைவர் என்ற முறையில் சேவியர்ராஜ் எழுந்து, இந்தக் காலத்தில் வீட்டு வாசலில் போய் நிற்பது எதற்கு, கோயில் வாசலில் ஒரு டிரம் வைத்துவிடலாம், இஷ்டப்பட்டவர்கள் போடட்டும் என்றான். டிரம் வைத்தால் அரிசி வரும், ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று டிரம் வந்து சொல்லாது என்று நீ மடக்கினாய். அவன் முகம் அன்றைக்குக் கறுத்துப்போனது. சரி, நீங்கள் மஸ்கட் போயிருக்கும்போது ஒரு மாதம் தவறினாலும், ஒரு புகார் வந்தாலும் டிரம்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டான். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நானும் பெரிய வீரனைப்போலத் தலையை ஆட்டினேன்.

ஏர்போர்ட்டில் நீ மூன்று முறை சொன்னாய். நாலு பை கொண்டு போங்கள், புழுங்கலரிசி ஒரு பை, பச்சரிசி ஒரு பை, இட்லி அரிசி ஒரு பை, ரேஷன் அரிசி ஒரு பை என்று. நான் டிராலியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கமாக இழுக்கிறதே என்று ஒரு யோசனை. டிரைவர் புத்தி.

மார்ச் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் எக்ஸ்எல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாலு பையும் நாலு பக்கம் ஆடின. முப்பது வருஷம் லோடு ஏற்றினவன் கண்ணுக்கு அது பொறுக்குமா? பத்தாவது வீட்டிலேயே எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, லாரிக்கயிறு போடுகிற மாதிரி இறுக்கி முடிச்சுப் போட்டேன். மீதி இருபத்தெட்டு வீட்டு அரிசியும் அதே சாக்குக்குள்தான். ஒரு மணி அரிசி ரோட்டில் விழவில்லை. மத்தியானத்துக்குள் ஆறு வீட்டுக்கும் பங்கிட்டுவிட்டு வந்து, அந்தோணிமேரி இதற்குப் போய் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்கிறாளே என்று சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

இப்போது நீ தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அடித்துக்கொள். முடித்துவிட்டு மேலே படி.

செவ்வாய்க்கிழமை காலையில் மாரக்காள் வாசலுக்கே வந்துவிட்டது. அதுதான், ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ரயில்வே லைன் ஓரம் தனியாகக் குடியிருக்கிறதே, அது. கையில் சோற்றுக் குண்டான். ஏஞ்சாமி, இது என்ன அரிசிங்க, ஒண்ணு கூழாப் போச்சு, ஒண்ணு கல்லாட்டம் நிக்குது, எத்தனை நேரம் எரிச்சாலும் ரெண்டும் ஒத்துப்போவ மாட்டேங்குதுங்க என்றது. அரிசி எல்லாம் அரிசிதானே என்று நான் சத்தம் போட்டேன். அப்படீங்களா சாமி, அப்ப ஒரு வாய் தின்னு பாருங்க என்று குண்டானை நீட்டியது. தின்றேன். மேரி, பல்லில் ஒன்று கடிபட்டது, இன்னொன்று அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்ற ஐந்து வீட்டிலும் அதே சோற்றைத்தான் இரண்டு நாளாக வாய் திறக்காமல் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. தருமத்துக்குக் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

வழி சொன்னதும் மாரக்காள்தான். இதை நொய்யா ஒடைச்சுட்டா எந்த அரிசியும் ஒண்ணுதானுங்க, கஞ்சிக்கு ஆகும் என்றது. ஆறு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கி, மில்லில் கொடுத்து உடைத்துவிட்டேன். பெரிய வெள்ளிக்குக் கோயிலில் ஊற்றுகிற கஞ்சிக்கு அது போய்ச் சேர்ந்தது. இந்த வருஷக் கஞ்சி நன்றாக இருக்கிறதே என்று ஃபாதர் இரண்டாம் தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆனால் அந்த ஆறு வீட்டுக்கும் மாதச் சோற்றுக்கு அரிசி வேண்டுமே. மாரக்காள் வந்த மறுநாளே, புதன்கிழமை, நாலு பையோடு முப்பத்தெட்டு வீட்டுக்கும் மறுபடி கிளம்பினேன். வாசலுக்கு வாசல் நின்று, நான் கெடுத்துவிட்டேன், இன்னும் இரண்டு பிடி போடுங்கள் என்று கேட்டேன். சிரிக்காத வீடே இல்லை. சிரித்துக்கொண்டேதான் போட்டார்கள்.

பதினோரு மணிக்குச் சேவியர்ராஜ் வீட்டுக் கதவைத் தட்டினேன். புகார் தலைவர் காதுக்குப் போவதற்குள் நாமே சொல்லிவிடலாம், டிரம் வைப்பதென்றால் வைக்கட்டும் என்று துணிந்துதான் போனேன். சேவியர்ராஜே கதவைத் திறந்தான். வேலை நாளில், லுங்கியோடு. என்னைப் பார்த்ததும் லீவு என்றான். அவன் மனைவி பிலோமினா வாங்கண்ணா என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. தகர டிரம்மின் அடியைத் தம்ளர் சுரண்டுகிற சத்தம். டீசல் டேங்க் காலி என்றால் சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறவன் நான். எனக்கு அது தெரியாதா? ஆனால் பிலோமினா கொண்டு வந்து நீட்டிய டப்பா நிறைந்திருந்தது.

வாங்காமல் வந்தால் அவர்களுக்கு அவமானம். வாங்கினால் எனக்குப் பாவம். வாங்கினேன், மேரி. ரேஷன் அரிசிப் பையில் கொட்டினேன். சேவியர்ராஜ் என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்த்த நூல் மில் தீபாவளியோடு மூடிவிட்டதாம், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு அவன் வேலை தேடித்தான் போயிருக்கிறான். கிடைக்காத நாளில் பதினோரு மணிக்கே திரும்பி வந்துவிடுவானாம். வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்று அவன் ஏன் சொன்னான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஏழாவது வீடு என்று எழுதிக்கொண்டு போய் அரிசி கொடுத்தால் அவன் வாங்குவானா? செத்தாலும் வாங்க மாட்டான். அவனுடைய அந்த ரோஷம் எனக்கும் உண்டு, அதனால் தெரியும்.

சாயங்காலம் நாலு பையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே திரும்பப் போனேன். பிலோமினா, எனக்கு அரிசி அடையாளம் தெரியவில்லை, இனிமேல் அரிசி வந்து இறங்குவதும் பங்கு பிரிப்பதும் உன் வீட்டில்தான், கோயில் ஹாலில் எலித் தொல்லை வேறு என்றேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரே ஒரு நிபந்தனை என்றேன் நான். லோடு இறக்குகிற இடத்தில் தரையில் சிந்துவது கூட்டுகிறவர்களுக்குத்தான் சொந்தம், மண்டியில் முப்பது வருஷம் நான் பார்த்த வழக்கம் அது, சிந்தினதைக் கூட்டி மறுபடி சாக்கில் போட்டால் என் கையால் நான் அளக்க மாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். வழக்கம் என்றால் சரிதான் என்று சேவியர்ராஜ் காலண்டரைப் பார்த்தபடியே சொன்னான்.

அன்றைக்கும் அளந்தேன். இந்த மாதம் ஈஸ்டர் முடிந்து மறுபடி அளந்தேன். ஆறு வீட்டுக்கும் குறையவில்லை, ஏனென்றால் என்னைக் கேலி செய்துகொண்டே எல்லா வீட்டிலும் டப்பாவை நிறைத்து வைத்திருந்தார்கள். ஆனால் என் கை இருக்கிறதே, ஸ்டியரிங்கை ஆடாமல் பிடித்த கை, இப்போது படியைச் சாக்கு வாயில் கவிழ்க்கும்போது பாதி வெளியே போகிறது. ஏனுங்கண்ணா, உங்க கை ரொம்பச் சிந்துதுங்களே என்றாள் பிலோமினா. வயசாகிறதம்மா என்றேன். அவள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள், முகம் தெரியவில்லை. பிறகு மெதுவாக, தீபாவளிக்கு அப்புறம் அக்கா எங்க ஊட்டுக்குக் கடைசியாத்தான் வருவாங்க, பையில மிச்சம் இருக்குன்னு இங்கயே வெச்சுட்டுப் போயிருவாங்க என்றாள்.

அப்படியென்றால் உனக்கு முன்பே தெரியும், இல்லையா? என்னிடம்கூடச் சொல்லவில்லை பார். சொல்லாததே நல்லது. சொல்லியிருந்தால் நான் டீக்கடையில் உளறியிருப்பேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் நான் அரிசியைக் கலந்த கதையை ஒருவர் எடுத்துவிட்டார். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். சேவியர்ராஜ் எழுந்து, டிரம் வேண்டாம், வீட்டுக்கு வீடு போவதே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவ்வளவுதான். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதனால் மேரி, உன் பிடி அரிசி நிற்கவில்லை. ஜெர்லின் உன்னை ஜூலை வரை இருக்கச் சொல்கிறாள் என்றும், நீ அரிசியை நினைத்துத்தான் தயங்குகிறாய் என்றும் மாப்பிள்ளை சொன்னார். இருந்து வா. முப்பது வருஷம் நான் லாரியில் போனபோது எப்போது வருவீர்கள் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் நீ இல்லாத வீடு நன்றாக இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். உலை வைக்கும்போது கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது. அளந்த பிறகு நினைவு வந்து, உன் பங்கை எடுத்து டப்பாவில் போட்டுவிடுகிறேன். இப்போதெல்லாம் நம் வீட்டு டப்பாதான் முதலில் நிறைகிறது.

டோனி வந்தால் இந்தக் கடிதத்தை அவன் முன்னால் பிரிக்காதே. அவனுடைய அப்பாவைப் பற்றி எதுவும் விசாரிக்காதே. சாப்பிட்டாயா என்றும் கேட்காதே, கேட்டால் ஆச்சு என்றுதான் சொல்வான், அவன் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. தட்டைப் போட்டு உட்கார வை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே போட்டுக்கொண்டிரு. உன் கையும் கொஞ்சம் சிந்தட்டும்.

பேரனின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போடு. மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

உன்,
செபஸ்தியான்