பாலம் திறந்த அன்று வெயிலா, மழையா?

3-2-2025, திங்கள்

நகரசபைப் பொறியாளர் அம்மையார் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆற்று நடைபாலம் திறக்கப்பட்டதன் நினைவாக அடுத்த மாதம் அதன் முகப்பில் ஒரு கல் பதிக்கப்போகிறார்கள். அதில் பொறிக்கவேண்டிய வாசகத்தை நான் எழுதித் தரவேண்டுமாம். முப்பத்தோர் ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்பது ஒரு காரணம். திறப்பு விழாவை ஆறு வயதில் கண்ணால் கண்டு, இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவன் என்பது இன்னொன்று. மேடையில் நாற்காலி, அழைப்பிதழில் 'நேர்சாட்சி' என்ற பட்டம் — வேண்டாம் என்று சொல்ல நான் முனிவன் அல்லன்.

“ரெண்டு கட்சியும் அடிச்சுக்குது சார். எங்க மேயர்தான் திறந்தார்ங்கறாங்க நீலக்கொடிக்காரங்க. இல்ல, எங்க சங்கத் தலைவர்தான்னு சத்தியம் பண்றாங்க பச்சைக்கொடிக்காரங்க. நீங்க சொன்னா கேட்டுக்குவாங்களாம். இல்லேன்னா கல்லே வேணாம்னுட்டாங்க.”

எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவின் தோளில் அமர்ந்து பார்த்தேன். மேயர், மாலை வெயில், மின்னிய பொன் கத்தரிக்கோல். ஆயினும் முறை என்று ஒன்று உண்டு. சான்றுகளைப் பார்த்த பிறகே எழுதுவேன்.

6-2-2025, வியாழன்

நூலகத்தில் பழைய நாளேட்டுக் கட்டுகள். தும்மல் ஓயவில்லை.

நீலக்கட்சியின் காலை ஏடு, 17-3-1957: “நேற்று மேயர் திறந்து வைத்தார்.” பச்சைக்கட்சியின் மாலை ஏடு, அதே தேதி: “இன்று எங்கள் தலைவர் திறந்து வைத்தார்.” ஆக, ஒன்றின்படி 16, மற்றொன்றின்படி 17. ஒரே பாலத்தை இரு நாள் திறக்க அது என்ன கடையா?

அச்சகத்தில் காலம் கழித்தவனுக்கு இது ஒரு முடிச்சே அல்ல. அக்காலத்து மாலை ஏடுகள் வெளியூர் போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டு மறுநாள் தேதியைப் போட்டுக்கொள்ளும். அதன் ‘இன்று’ 16தான். தேதி உறுதி: 16-3-1957, சனிக்கிழமை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விசிலடித்தேன். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்றார்.

11-2-2025, செவ்வாய்

மீண்டும் நூலகம். போன வியாழனே முடிந்துவிட்டது என்று விட்டிருக்கலாம். கடைசிப் பக்கம்வரை பார்க்கும் தொழில் புத்தி விடவில்லை.

அதே காலை ஏடு, அதே தேதி, விளையாட்டுப் பக்கம்: “ஆற்றங்கரை மைதானத்தில் நான்கு மணிக்குக் கொட்டிய பெருமழையால் கால்பந்தாட்டம் கைவிடப்பட்டது. ஆட்டக்காரர்கள் எதிர்க்கரைப் படகுக் கொட்டகையில் ஒதுங்கினர்.”

நான்கு மணி. திறப்பு விழாவும் நான்கு மணி. பாலத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு வேலிதான்.

முதல் பக்கத்தில் மேயர் வெயிலில் நிற்கிறார். கடைசிப் பக்கத்தில் மழை கொட்டுகிறது! காரணம் எனக்குத் தெரியாதா? மேயர் விழா என்றால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து மதியமே செய்தியை அச்சுக் கோத்து, முதல் பக்கத்தைப் பூட்டிவிடுவோம். விளையாட்டுப் பக்கம் மட்டும் இரவுவரை திறந்திருக்கும். மாலை ஏட்டுக்காரரும் அதையேதான் செய்திருக்கிறார். “சுட்டெரிக்கும் வெயிலில் தொழிலாளர் திரண்டனர்” என்கிறார். கட்சிகளுக்கு மேயரும் தலைவரும் வேண்டும். மழை பெய்ததாகச் சொல்வதில் விளையாட்டு நிருபருக்கு என்ன ஆதாயம்? அவரைத்தான் நம்பவேண்டும்.

சரி. அப்படியானால் நான் பார்த்த வெயில்? அந்தக் கத்தரிக்கோல்? முதல் பக்கத்தில் அப்படியே அச்சாகியிருக்கிறது: “மாலை வெயிலில் பொன் கத்தரிக்கோல் மின்ன...” அட கடவுளே, என் வார்த்தையாச்சே அது! நான் பார்த்தேனா, படிச்சேனா?

12-2-2025, புதன்

அக்காவுக்குத் தொலைபேசினேன். அன்று அவளுக்குப் பதினொரு வயது. சாட்சியிடம் விடையை நாமே ஊட்டிவிடக் கூடாது. ஆகவே மழையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“பாலம் திறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுக்கா?”

“என்னடா, கோர்ட்டுல கேக்கற மாதிரி கேக்கறே? செம மழை. மேடை சாஞ்சுபோச்சு. ஒரு பெரிய மனுஷனும் வரல. அந்தப் பந்து விளையாடற பசங்க ரிப்பனைத் தள்ளிக்கிட்டு அக்கரைக்கு ஓடினாங்க. பின்னாடியே நாங்க எல்லாரும். என் புதுக் கவுன் தொப்பலாப் போச்சு.”

விளையாட்டுப் பக்கத்தை அவள் பார்த்ததில்லை. அந்த மழையில் எதிர்க்கரைக்குப் பாலத்தைத் தவிர வேறு வழியும் இல்லை. இரண்டு சான்றுகள், ஒன்றையொன்று அறியாதவை, ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

“நான் எங்கக்கா இருந்தேன்?”

“நீ எங்கடா வந்தே? அம்மை போட்டு வீட்டுல படுத்திருந்தே. மறுநாள் ஒரே அழுகை. அப்பாதான் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படிச்சுக் காட்டி உன்னைச் சமாதானம் பண்ணினார்.”

13-2-2025, வியாழன்

நாற்காலி போயிற்று.

19-2-2025, புதன்

நகரசபையில் வாசகத்தைப் படித்தேன்: “16-3-1957 அன்று கொட்டும் மழையில் இவ்வூர் மக்கள் நடந்து திறந்த பாலம்.” ஆதாரங்களையும் வைத்தேன். நேர்சாட்சிகள் பட்டியலிலிருந்து என்னை நானே நீக்கிவிட்டு, அக்காவைச் சேர்த்தேன்.

நீலக்கொடிக்காரர் முகம் சுளித்தார். “கடைசியில பந்து உதைக்கிற பசங்களா திறந்தாங்க?”

பச்சைக்கொடிக்காரர், “உங்க மேயர் நனைஞ்சிடுவோம்னு வரலையே, அதைச் சொல்லுங்க” என்றார்.

“உங்க தலைவர் மட்டும் நீச்சலடிச்சு வந்தாரா?”

பொறியாளர் அம்மையார் மேசையைத் தட்டிச் சிரித்துவிட்டார். எதிராளி திறக்கவில்லை என்ற நிம்மதி இருவருக்கும். கையெழுத்தாயிற்று.

16-3-2025, ஞாயிறு

கல் பதிக்கப்பட்டது. எழுத்துப்பிழை இல்லை; முந்தைய நாளே போய் விரலால் தடவிச் சரிபார்த்தேன். நான் கீழே மூன்றாம் வரிசையில். மேடையில் அக்கா, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அமர்க்களப்படுத்தினாள். மழை, சாய்ந்த மேடை, கவுன் எல்லாம் முறையாக வந்தன. பிறகு என்னைக் கைகாட்டினாள்.

“அதோ உக்காந்திருக்கானே, என் தம்பி. அவனும் அன்னைக்கு அப்பா தோள்ல இருந்தான். அவன் தலையிலதான் முதல் சொட்டு விழுந்துச்சு!”

கூட்டம் முழுவதும் என் பக்கம் திரும்பிக் கைதட்டியது. பொறியாளர் அம்மையார் கீழிறங்கி வந்து என்னை மேடைக்கு அழைத்துப்போய், ஒரு நாற்காலியும் போட்டார்.

“ஏன்க்கா இப்படிச் சொன்னே? எனக்கு அம்மைன்னு நீதானே சொன்னே?” என்று காதோரம் கேட்டேன்.

“சொன்னேன்தான். ஆனா நீ இத்தனை வருஷமாச் சொல்லிச் சொல்லி, மேடையில நின்னப்போ எனக்கே நீ தோள்ல இருந்த மாதிரி ஞாபகம் வந்துருச்சுடா. தலையைத் துடைச்சுவிட்டது கூட.”

முன்வரிசையில் ஒருவர் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். இனி அதுவும் ஒரு சான்று.

17-3-2025, திங்கள்

ஒலிப்பதிவு செய்தவரின் முகவரியைப் பொறியாளர் அம்மையாரிடமிருந்து வாங்கிவிட்டேன். திருத்தம் ஒன்று அனுப்பவேண்டும்: 16-3-1957 அன்று தம்பி பாலத்தருகே இல்லை, அம்மை கண்டு வீட்டில் இருந்தான்.

நாளை அனுப்பலாம்.