அப்பா சொல்லும் ‘அப்புறம்’

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் உன் உடம்பும் உன் பனிக்கட்டிகளும் சௌக்கியம்தானே. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். சௌக்கியம் என்றால், நீ விமானம் ஏறிய அன்று அப்பாவைப் பார்த்துவிட்டுப் போனாயே, அதைவிட இரண்டு படி மேல் என்று வைத்துக்கொள். கைத்தடி இல்லாமல் கூடத்திலிருந்து சமையலறை வரை நடக்கிறார், இடது கையாலேயே சட்டைப் பொத்தான் போடுகிறார், மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டிக்கொண்டு கோணலாக வந்து நின்றாலும் நான் சரிசெய்யப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா என் தோளோடு தோளாக வந்து உட்கார்ந்துகொள்கிறார். பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சுதான் போயிற்றே தவிர காது இன்னும் பாம்புக் காது. அவரைப் பற்றி அவர் காதுபடவே, ஏதோ அறையில் இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கல்லூரியில் வகுப்பில்லாத நேரத்தில், ஆசிரியர் அறை மின்விசிறிக்கு அடியில், காகிதம் பறக்காமல் சாப்பாட்டு டப்பாவை மேலே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆராய்ச்சியப் பாதில விட்டுட்டு வந்துடறேம்மா, அப்பாகிட்ட குடு, அவரையே கேட்டுடறேன் என்றாய். கொடுத்தேன். வந்துடட்டுமாப்பா என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அப்பா, அப்புறம் என்றார். சரிப்பா, வச்சுடறேன் என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ பேசுவதெல்லாம் அங்க மழையா, மருந்து வாங்கியாச்சா என்ற அளவோடு நிற்கிறது. உன் குரலில் ஒரு கதவு சாத்தியிருப்பது பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பா உன்னை இப்போதைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்து மனதுக்குள் புழுங்குகிறாய். அதற்காகத்தான் இதைப் பூசி மெழுகாமல் எழுதுகிறேன். நீ இங்கே இருந்தவரை அவர் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நீ போன பிறகு ஒருநாள் தண்ணீர் டம்ளரை வாங்கிக்கொண்டு தெளிவாக, அப்புறம் என்றார். நான் அழுதே விட்டேன். அன்று மாலைக்குள் புரிந்துவிட்டது, அந்த ஒரு வார்த்தைதான் திரும்பியிருக்கிறது. பசித்தாலும் அப்புறம், போதும் என்றாலும் அப்புறம், காலை மிதித்துவிட்டால் கத்துவதும் அப்புறம். போனில் அது கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது, எல்லாரும் பேச்சு தீர்ந்துபோனால் அப்புறம், அப்புறம் என்றுதானே இழுக்கிறோம், தொலைவில் இருக்கிற உனக்கு எப்படித் தெரியும். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் பிள்ளைகள் அவருக்கு அப்புறம் மாமா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரோ அந்தப் பெயரைக் கேட்டால் மாடியிலிருந்து கையாட்டுகிறார்.

கோபம் வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. நான் நடத்தும் உளவியல் வரலாற்றுப் பாடத்தில் ஒரு நோயாளி வருவான், நீ சின்ன வயதில் என் விடைத்தாள்களைப் புரட்டிக்கொண்டு டாண் டாண் என்று மணியடித்து விளையாடுவாயே, அவன்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தவன், எதைக் கேட்டாலும் டான் டான் என்ற ஒலியைத் தவிர வேறு வராது. ஆஸ்பத்திரியில் அதையே அவன் பெயராக்கிவிட்டார்கள். மண்டையைத் தடவிப் பார்த்து மேடு பள்ளத்தை வைத்துக் குணம் சொன்ன காலம் போய், பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டா இல்லையா என்று பெரிய மனிதர்கள் மல்லுக்கு நின்ற காலம் அது. அவன் சாகக் கிடந்த கடைசி நாட்களில்தான் ஓர் அறுவைசிகிச்சை நிபுணர் அவனைப் பார்த்தார், இறந்ததும் மூளையை எடுத்துப் பார்த்து, இதோ இடப்பக்கம் முன்னால் இந்த இடம் என்று காட்டினார். மூளை இன்றும் ஜாடியில் இருக்கிறது. வருடா வருடம் இதை இரண்டு மதிப்பெண் கேள்வி என்று சொல்லிக் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். இந்த வருடம் அந்தப் பக்கம் வந்ததும் கரும்பலகையைத் துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அவனுக்கு எல்லாம் புரிந்தது என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். புரிந்ததை வைத்துக்கொண்டு அத்தனை வருடம் யாரிடம் என்ன சொல்ல நினைத்தானோ, அதைக் கேட்டு ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஊமை கண்ட கனவு போல என்று பேச்சுவாக்கில் சொல்வோமே, இனி என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன்.

நீ போனை வைத்த அன்றே அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்டேன். வாலு வந்துடட்டுமா என்றேன், தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. உன் அறையைத் தூசி தட்டலாம், பழைய மெத்தையை மாற்றிவிடலாம் என்று எண்ணம் ஓடியது. சொன்னால் சிரிப்பாய், உன் அறைக் கதவை நான் தூசிக்காகச் சாத்தினால் அப்பா போய்த் திறந்து வைக்கிறார், நான் சாத்துவதும் அவர் திறப்பதுமாக எங்களுக்கு அது ஒரு வேலை. உனக்குப் பிடித்த சோப்பையே இன்னும் வாங்குகிறேன், குளித்துவிட்டு வந்தால் வீட்டில் நீ இருப்பதுபோல ஒரு வாசனை. அதெல்லாம் இருக்கட்டும். மறுநாள் காலையில் எனக்கே பயம் வந்துவிட்டது. இவ்வளவு படித்து, இவ்வளவு தூரம் போய், உறைந்த பனிக்குள் பல்லாயிரம் வருடத்துக் காற்று எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கிற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுப்பது பாவமில்லையா என்று தோன்றியது. அவ அங்கயே இருந்து முடிக்கட்டுமா என்று கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டினார், அதே ஆட்டல், அதே முகம். என்னங்க, ரெண்டுக்கும் ஆமாவா, ஒண்ணு சொல்லுங்க என்று சத்தம் போட்டேன். அப்புறம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் கையைத் தடவினார். மூளை குழம்பியிருக்கிறதோ என்று அன்றெல்லாம் அவரையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

விடை வகுப்பில் கிடைத்தது, அதுவும் ஒரு குதிரையிடமிருந்து. கணக்குப் போடும் குதிரை என்று போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரையே மயக்கிய ஒன்று. கூட்டல் கழித்தல் எது கேட்டாலும் குளம்பால் அத்தனை முறை தட்டும். வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஏமாற்றுக்காரர் இல்லை, மனமார நம்பியவர். அறிஞர்கள் குழுவாக வந்து பார்த்தும் தந்திரம் எதுவும் அகப்படவில்லை. பிறகு ஓர் இளம் ஆய்வாளர் பொறுமையாகச் சோதித்தார். கேட்கிற ஆளுக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்கிறவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலை தம்மையறியாமல் துளி அசைகிறது, அதைப் பார்த்துத்தான் அது நிறுத்தியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் சுருட்டை முடிப் பெண் ஒருத்தி, எப்போதும் வாயில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பாள், அவள் எழுந்து, அப்ப அந்தக் குதிரைக்கு நெஜமா என்னதான் மேடம் தெரிஞ்சுது என்று கேட்டாள். எதிர்ல இருக்கற மனுஷன் என்ன ஆசைப்படறான்னு தெரிஞ்சுதும்மா என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நின்றுவிட்டேன். சுண்ணாம்புக்கட்டி கையிலேயே இருக்கிறது. என்னாச்சு மேடம், தண்ணி வேணுமா என்கிறார்கள் பிள்ளைகள். வாலு, உன் அப்பாவுக்கு மூளை குழம்பவில்லையடி. நீ வர வேண்டும் என்று ஏங்கி நான் கேட்டபோது என் ஏக்கத்துக்கு ஆமாம் சொன்னார், நீ அங்கேயே இருக்க வேண்டும் என்று என்னை நானே அடக்கிக்கொண்டு கேட்டபோது அந்த அடக்கத்துக்கும் ஆமாம் சொன்னார். இத்தனை வருடம் என் முகம் பார்த்துக் குடித்தனம் நடத்தியவர், கேட்டது நான் என்றால் வேறெப்படி ஆட்டுவார்.

பிறகு நான் செய்ததைப் படித்துவிட்டு அம்மா வீட்டையே ஆய்வகமாக்கிவிட்டாள் என்று கேலி செய்யாதே. பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாளே, கண்டிப்பானவள், அப்பா அவளுக்குப் பயந்தவர்போல் நடிப்பார். அவளுக்கு உன்னைத் தெரியாது, நீ வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். அப்பாவிடம் காட்டி எது வேண்டும் என்று கேட்கச் சொல்லி அவளிடம் இரண்டு படம் கொடுத்தேன், ஒன்றில் ஒரு பெண் பெற்றவர்களோடு வீட்டில், இன்னொன்றில் அதே வயதுப் பெண் ஆய்வகத்தில். என் ஆசை எது என்று மூச்சுவிடவில்லை. நான் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் பரீட்சை முடிவு வந்த நாளில்கூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டதில்லை. அவள் வெளியே வந்து, ரெண்டையும் தள்ளி விட்டுட்டாரும்மா, மேல மேலன்னு வெரலக் காட்டறாரு, மொட்டமாடிக்குப் போகணுமோ என்னமோ என்றாள். சரி என்று கைத்தாங்கலாக மொட்டைமாடிக்கே கூட்டிப்போனேன். துணிக் கொடியையும் தண்ணீர்த் தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இவளையா கட்டினோம் என்பதுபோல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் கல்லூரி முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், கட்டிலுக்கு அடியில் கிடந்த பெரிய பெட்டி வெளியே இழுக்கப்பட்டு வாயைப் பிளந்திருக்கிறது. ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் இழுத்தாரோ, தரையில் கோடு விழுந்திருக்கிறது. உள்ளே அவருடைய இரண்டு கால்சட்டை, என் நீலப் புடவை, நீ விட்டுப்போன கம்பளிச் சட்டை, அதற்கு மேல் அவருடைய ஸ்பேனரும் திருப்புளிகளும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தபடி. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மூட்டை கட்டியது, அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. ஆயுதம் எதுக்குங்க என்று கேட்டுவிட்டேன். விரலை மேலே தூக்கினார், பிறகு கையைக் குலுக்கி டக்கென்று நிறுத்திக் காட்டினார். எங்க பில்டிங் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலயும் குலுங்கிக் குலுங்கி நிக்குதுப்பா என்று நீ எப்போதோ சொன்னாயே, அந்த லிஃப்டடி. நாங்கள் நீ வருவதா இருப்பதா என்று இரண்டே வழியை அவர் முன்னால் வைத்தோம். மனுஷன் தானே கிளம்பி உன்னிடம் வருவதாக இருக்கிறார். இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது. நான் வீட்டிலேயே இல்லை, குதிரை பெட்டி கட்டாது. தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து அப்புறம், அப்புறம் என்று என்னைத் தேற்றினார்.

மருத்துவரிடம் கேட்டாயிற்று. அடுத்த பரிசோதனையில் ரத்த அழுத்தம் சொன்னபடி கேட்டால் அழைத்துப் போகலாம், வழியில் காலை நீட்டி நடக்க வைக்க வேண்டும் என்றார், திட்டவட்டமாகச் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனோம். போட்டோக்காரர், சார் வாயக் கொஞ்சம் நேரா வைங்க என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, பிறகு புரிந்துகொண்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். படம் நன்றாகவே வந்திருக்கிறது, பாதி முகம் சிரிக்கிறது, அந்தப் பாதியே போதும். ஆகவே நீ வேலையை விடாதே. விட வேண்டும் என்று உனக்கே தோன்றினால் அது வேறு, அதை நீ உனக்காகத் தீர்மானி, எங்கள் தலையாட்டலைப் பார்த்துச் செய்யாதே. படியேறாமல் போகிற மாதிரி ஒரு படுக்கையறை கிடைக்குமா, பக்கத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்து வை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டை ஆய்வக மேசையில் வைத்து ஆறப்போடாதே. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம், நாங்கள் ஒன்றும் உன்னை நினைத்து ஏங்கிப்போய் உட்கார்ந்திருக்கவில்லை.

இந்த இடம்வரை எழுதியதும் ஒரு யோசனை வந்தது. அவர் காதுபடப் பேச மனமில்லை என்று சொல்லிவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் எழுதுவது மட்டும் என்ன நியாயம். கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து முதல் வரியிலிருந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குதிரை வந்தபோது இருமல் வரும்வரை சிரித்தார். டான் என்றவனைப் பற்றிப் படித்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் என் கையைப் பிடித்து நிறுத்தி, எங்கே என்பதுபோல் பார்த்தார். விரல் வைத்துக் காட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டார். ஏங்கிப்போய் உட்கார்ந்திருக்கவில்லை என்பதன்மேல் கோணலாக ஒரு கோடு ஓடியிருக்கிறதே, அது மை சிந்தியதல்ல. அப்பா அடித்தது.

நோய்நொடி அண்டாமல், எடுத்த காரியம் கைகூடி, எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இரு. இந்தக் கடிதம் கிடைத்ததும் போனில் பேசும்போது கேள்வி எதுவும் கேட்காதே, அப்பாவிடம் உன் ஊர் லிஃப்டைப் பற்றிச் சொல்.

இப்படிக்கு,
உன்னைக் காண வரக் காத்திருக்கும்
அம்மாவும் அப்பாவும்