மகாராணிக்குப் பதிலாக நான் சொன்ன பதில்கள்

மகாராணி,

இன்று காலை ஈப்போவில் பயிற்சி வகுப்பு. நரம்பு நோயால் பேச்சு குறைந்துவருபவர்களின் கணவன்மாருக்கும் மனைவிமாருக்கும் நடக்கும், நாம் போன அதே வகுப்புதான்; புதிதாக வருபவர்களுக்குத் துணையாக நான் இப்போதும் போகிறேன். புதிதாக வந்த ஒருவர் தன் மனைவிக்குப் பதிலாகப் பெயர் சொன்னார், வயது சொன்னார். விட்டிருந்தால் அவருக்காகத் தும்மியும் இருப்பார். எனக்கு ஒரே குதூகலம். என்னையே பார்த்தது போல் இருந்தது!

நாம் முதலில் போன நாளில் பயிற்சி தரும் மிஸ் உன்னிடம் என்ன குடிக்கிறாய் என்று கேட்டார். "மைலோ" என்று நான் முழங்கினேன்.

"அங்கிள், நான் ஆண்ட்டியத்தான் கேட்டேன்லா."

தோட்டத்துத் திருவிழாவில் மைக் பிடித்தால் கோலா கங்சார் வரை குரல் எட்டும் மாவீரனுக்கு விழுந்த முதல் வாய்ப்பூட்டு அது. ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பிறகு பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் பேராக் ஆறே வற்றிவிடும்!

உன் பேச்சு முழுதாக நின்ற பிறகு, கோப்பெங் வீட்டைப் பூட்டிவிட்டு நம்மைக் கோலாலம்பூருக்கு வரச் சொன்னான் மகன். பழைய புத்தி. உனக்குச் சம்மதம் என்று நானே சொல்லி, பெட்டியும் கட்டிவிட்டேன். பிறகுதான் மிஸ்ஸின் முகம் நினைவுக்கு வந்தது.

"போலாமா?" என்றேன். எண்ணினேன். நீ கண்ணை மூடினாய். மூடினால் வேண்டாம் என்று அர்த்தம். நம்பாமல் மறுபடி கேட்டேன். முறைத்துவிட்டு மூடினாய்.

"இங்கயே இருக்கணும்னா, துணைக்கு வேற யாரும் வேணுமா?"

கண் மேலே போனது. போனால் ஆமாம் என்று அர்த்தம். எழுத்து அட்டையைப் பிடித்தேன். கண்ணாலேயே 'அ' என்று காட்டினாய். அப்பளம், அம்மன் கோவில், அலோர் ஸ்டார் என்று நாக்கு துடித்தது, துண்டைக் கடித்துக்கொண்டேன். மெதுவாக வந்து சேர்ந்தது அந்தச் சொல்: அக்கா.

தெலுக் இந்தானில் இருக்கும் உன் அக்கா. அவர் சுட்ட அதிரசத்தால் ஈயச் சுரங்கம் தோண்டலாம் என்று நான் மைக்கில் அறிவித்த நாள் முதல் நம் வாசலை மிதிக்காதவர். ஆயுள் முழுக்க ஊகித்திருந்தாலும் அவர் பெயரை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மகனிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அக்காவைப் போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன், நீ வரச் சொன்னதாகச் சொன்னேன்.

"அவ கேட்டாளா, நீங்களா சொல்றீங்களா?"

"அவதான் கேட்டா, அக்கா. நான் வாயே தொறக்கல."

அன்று மாலையே வந்தார். உன் கடைசி நாள் வரை நம் வீட்டிலேயே இருந்தார்.

இப்போதும் ஞாயிறுதோறும் அழைக்கிறார். உன்னைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றுவிடுவார். மீதி என்ன என்று எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கும். சொல்வதில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு, அவரே சொல்லட்டும் என்று இருக்கிறேன்.