ரூத் குடித்த கூழ்

மாமல்லபுரம்
ஆடி மாதம், 1974

அன்புள்ள பாக்கியத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பார்த்தாயா, இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்! கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொள். இங்கே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

நான் சமைக்கும் ஊழிய முகாமில் அமெரிக்கப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மீனவர் குப்பத்தில் அம்மனுக்குப் படைத்த கூழை எல்லோருக்கும் ஊற்றினார்கள். சிலைக்குப் படைத்ததைத் தொடக் கூடாதென்று பிள்ளைகள் கைகூப்பி மறுத்தார்கள். மீன் விற்கும் ஆதியம்மாள் விடவில்லை.

“இன்னா பாப்பா, உன் சாமி பாட்டுக்கு நாங்க கை தட்னோமே, எங்க கூழு மட்டும் ஆவாதா?”

ரூத் என்ற பெண் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டாள்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து மற்றவர்கள் அவளோடு ஜெபத்துக்கு உட்காருவதில்லை. அவளும் சாப்பிடுவதில்லை. “தாத்தா, நான் பாவம் செய்தேனா?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் என்னைக் கேட்டாள். பதில் தேடி வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். இன்னும் ஆதியாகமத்தைத் தாண்டவில்லை. அடுத்த வாரம் அவளை ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். பரணில் இருக்கும் என் கண்ணாடியை உடனே அனுப்பு. உனக்குப் பதில் தெரிந்தால் அதையும் எழுது.

அவள் தட்டு மூடியபடியே இருக்கிறது. நான் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன்.

உன்
தானியேல்