வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தது

31.5.98, ஞாயிறு

பேத்தி சுமதியைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து இன்று வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தமிழ் வாத்தியார். அதனால் காலையிலேயே மருமகள் என்னிடம் வந்தாள்.

"அத்தை, உங்களுக்கு ழ வராது. வாயப்பயம்னு சொல்லி மானத்த வாங்காதீங்க. கம்முனு உக்காந்துனு இருங்க, போதும்."

கல்யாணமாகி வந்த முதல் நாள் இவள் வைத்த குழம்பில் உப்பே இல்லை. அத்தனை உறவுக்காரர் முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இந்த நாக்கை வைத்துத்தான் சண்டை போட்டேன், பிள்ளைகளை வளர்த்தேன். இன்று அது குறையாகிவிட்டது.

சரி என்று உட்கார்ந்தேன். வணக்கம் என்றார்கள், கை கூப்பினேன். சொந்த ஊர் எது என்றார்கள், சிரித்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா, என் மகனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மாவுக்குப் பேச்சு வராதாங்க? பரம்பரைல வேற யாருக்குனா இந்தக் கொற கீதா? நாளைக்குக் கொயந்தைங்களுக்கு வந்துடக் கூடாது பாருங்க."

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நல்லா பேசுவாங்க! பேசுங்க அத்தை!" என்று என் முழங்கையைக் கிள்ளினாள்.

எழுந்து உள்ளே போயிருப்பேன். சுமதி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர். அவளுக்குப் பையனைப் பிடித்திருக்கிறது.

தட்டை எடுத்து வாத்தியாரிடம் நீட்டினேன். "இன்னா சார், சும்மா குந்திகினு கீறீங்க? ஒரு வாயப்பயம் துண்றது!"

அவர் இரண்டு தின்றார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் பேச வருகிறார்களாம்.

"அன்னைக்கும் நீங்களே பேசுங்க அத்தை" என்றாள் மருமகள்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை.